இரண்டு கொழும்புகள்

நான் பிழை சேர்ப்பவள்.
கடைப்பலகை, ஆஸ்பத்திரிக் கதவு, ரயில் மேடை:
இந்த நகரம் தமிழைத் தவறாக எழுதிய இடங்களுக்கெல்லாம்
குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்
படம் எடுத்தேன். ஏழு வருசம்.
ஆயிரத்து அறுநூற்றுப் பதினொன்று.

‘தள்ளுக’ என்று எழுதவேண்டிய வங்கிக் கதவில்
‘தள்ளாடுக’.
மருதானையில் ஒரு மஞ்சள் கோட்டுக்கு மேலே
‘பாதசாரிகள் கடவுள்’.
(கடவைதான். ஆனாலும்
அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் கடந்தேன்.)

இன்றிரவு எல்லாவற்றையும் என் இணையத்தளத்தில் ஏற்றினேன்.
லப்டொப்பில் ஒரு குறையும் இல்லை.
ஏற்றியபின் பார்த்தால்
படங்களின் இடத்தில் வெறும் சட்டங்கள்,
மூலையில் கிழிந்த சின்னக் காகிதம்.

லப்டொப் வீட்டு ஆள்.
பெரிய எழுத்தில் கூப்பிட்டாலும் சின்ன எழுத்தில் கூப்பிட்டாலும்
‘ஓம்’ என்று வரும்.
சேர்வர் கந்தோர் ஆள்.
கமரா ஒவ்வொரு படத்தின் வாலையும்
பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது.
நான் சின்ன எழுத்தில் கூப்பிடுகிறேன்.
‘அப்படி யாரும் இங்கே இல்லை.’

சரி, வால்களை மாற்றினேன்.

பிறகு ‘புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெரு’.
சொல்லுக்குச் சொல் விட்ட இடைவெளியில்
சதவீதக் குறியும் இருபதும் வந்து குந்தியிருந்தன,
தரகர் மாதிரி.
இடைவெளிகளை அடைத்து
சின்னக் கோடு போட்டேன்.

போன மாதம் ஒரு ஃபோல்டருக்குப் பெயர் மாற்றியது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
தெருவின் பெயரை மாநகரசபை மாற்றினாலும்
ஓட்டோக்காரர் பழைய பெயருக்குத் திரும்புவார்.
சேர்வருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு
மிஞ்சியது ஒரே ஒரு ஃபோல்டர்.
கொழும்பு.
பாதிப் படங்கள் திறக்கின்றன, பாதி இல்லை.
எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.
கொ. ழு. ம். பு.
ஒரு பிழையும் இல்லை.
பிழை பார்த்தே கண்ணாடி போட்டவள் நான்.

ரிஸ்மினாவுக்கு இரவு வேலை. எடுத்தேன்.
‘என்ன பேர்?’
‘கொழும்பு.’
‘எந்தக் கொழும்பு?’

விளையாட்டில்லை.
‘கொ எப்பிடி அடிச்ச நீங்க?
கொம்பும் காலும் ஒரே குறியாவா,
இல்லாட்டி கொம்பு வேற, கால் வேறயா?’

கந்தோர்க் கணினி ஒரு விதமாய் எழுதியிருக்கிறது,
வீட்டில் இருப்பது இன்னொரு விதமாய்.
கண்ணுக்கு ஒரு ஊர்.
உள்ளே இரண்டு.
ஒன்றில் எண்ணூற்று நாலு படம்,
மற்றதில் மிச்சம்.

எனக்கு இது புதிதில்லை.
பிறப்புச் சான்றிதழில் ஜெயவதனா.
அடையாள அட்டையில்
ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் குறைவு.
‘இது நீங்கள் இல்லையே’ என்று
ஒரு கவுண்டரில் என்னைப் பார்த்தே சொன்னார்கள்.
சமாதான நீதவானிடம் போய்
இரண்டும் ஒருத்திதான் என்று
சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தேன்.
முத்திரைக்காசு வேறு.

‘ஃபோல்டருக்கு அப்பிடி ஒண்டும் இல்லையா?’
ரிஸ்மினா சிரித்தாள்.
‘ஒண்ட அழிங்க.’

எந்தக் கொழும்பை?

கீழே காலி வீதியில்
வாகனம் இல்லாத சமிக்ஞை விளக்கு
சிவப்பிலிருந்து பச்சைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.
இரண்டையும் அழிக்கவில்லை.
படங்களை வெளியே எடுத்து
புதிதாக ஒரு ஃபோல்டர் செய்தேன்.
ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில்,
கொம்பும் இல்லாமல் காலும் இல்லாமல்.

திறந்தது.
முதலில் வந்தவர் பாதசாரிகள் கடவுள்.
அவருக்கு மேலே, முகவரிக் கட்டத்தில்,
என் கையாலேயே எழுதிய
என் ஊரின் பெயர்.
‘ழ’ இல்லை. இருந்த இடத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது.

அதையும் ஒரு படம் எடுத்தேன்.
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

இதை என்ன பெயரில் சேமிப்பது என்று
கேட்டுக்கொண்டு நிற்கிறது
லப்டொப்.